காணாமல் போன எழுத்துகள்

1994ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், மிஷன் வீதியை ஒட்டிய சந்திலிருந்த ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்திலிருந்து எங்கள் கடைக்கு ஆள் வந்தது. “பிரிண்டர் ஓடுது. ஆனா எழுத்தைத் தின்னுது” என்றார் வந்தவர். கணினி பழுதுபார்க்கும் அந்தக் கடையில் நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஸ்குரூ டிரைவர், பென்சில் அழிப்பான், பழைய டூத் பிரஷ், ஒரு சின்னப் பாட்டிலில் ஸ்பிரிட், இவ்வளவுதான் என் பையில். கடையின் மூத்த மெக்கானிக்கை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

மேசைமேல் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். பக்கத்தில் அது அடித்த தாள்கள். பிரெஞ்சில் எழுதிய பிறப்புப் பதிவின் நகல் அது. சுற்றிலும் கட்டம் வரவேண்டிய இடத்தில் ஆங்கில ‘டி’ எழுத்து சாய்வாக வரிசைகட்டி நின்றது. இரு பக்கத்திலும் நேர்கோட்டுக்குப் பதில் சாய்ந்த 3, ஒன்றின்கீழ் ஒன்றாக. அதைவிடப் பெரிய துன்பம் உள்ளே இருந்தது. பிரெஞ்சில் ‘பிறந்தவர்’ என்பதற்கு ‘நே’ என்று இரண்டே எழுத்து. இரண்டாவது எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கீற்று இருக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை ‘அக்சான் தேகு’ என்பார்கள். கீற்று வைத்த அந்த எழுத்து வந்த இடத்திலெல்லாம் ஒன்றுமே இல்லை. வெற்றிடம்கூட விடாமல் அடுத்த எழுத்து வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்தவர் என்ற சொல்லில் பாதியைக் காணோம்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. சட்டப்படியான இணைப்பு முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. அதன் பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்த குடும்பங்கள் இங்கே ஆயிரக்கணக்கில். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் வாங்குபவர்களை ‘சொல்தா’ என்போம். அவர்கள் வீட்டுப் பிறப்பும் திருமணமும் இறப்பும் பிரெஞ்சு ஏடுகளில் ஏறும். அந்தப் பதிவுக்குப் பழைய ஆட்கள் வைத்திருக்கும் பெயர் இன்றைக்கும் ‘எத்தா சிவில்’தான். ஒரு பெயரின் தலையில் கீற்று விட்டுப்போனால், ஏட்டில் இருக்கும் பெயரும் தாளில் இருக்கும் பெயரும் வேறு வேறு ஆட்களுடையவை ஆகிவிடும். பிள்ளையைப் பாரிசுக்கு அனுப்பக் காத்திருக்கும் வீட்டில் அந்தக் கீற்றுக்கு என்ன மதிப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

அண்ணன் பிரிண்டரைத் தொடவே இல்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிரிண்டரோடு வந்த கையேட்டைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கங்களில் இருந்த எண் அட்டவணையைப் பிரித்தார். “தம்பி, ‘டி’க்கு நம்பர் என்ன?” 68 என்றேன். “அதோட 128ஐக் கூட்டு.” 196. “கம்ப்யூட்டர்ல 196 என்னன்னு பாரு.” படுக்கைக்கோடு. மூன்று என்ற இலக்கத்துக்கு எண் 51, 128ஐக் கூட்டினால் 179, அது நேர்கோடு. கீற்று வைத்த எழுத்தின் எண் 130. 128ஐக் கழித்தால் 2. இரண்டு என்பது எழுத்தே இல்லை, கட்டளைக்கென ஒதுக்கிய எண். அதனால் பிரிண்டர் அதைப் பேசாமல் விழுங்கிவிட்டது.

எப்சன் வகைப் பிரிண்டர்களுக்கு 128க்கு மேற்பட்ட எண்களைப் படிக்க இரண்டு வழி உண்டு. ஒரு வழியில் அவை கோடுகளும் கீற்று எழுத்துகளும். இன்னொரு வழியில் அவை கீழே உள்ள எழுத்துகளின் சாய்ந்த வடிவங்கள். எந்த வழி என்று சொல்ல உள்ளே நகத்தளவு டிப் சுவிட்ச். யாரோ துடைக்கும்போது அது மாறியிருக்கிறது. அண்ணன் பால்பாயின்ட் ரீஃபிலின் முனையால் அதைத் தள்ளிவிட்டு, பிரிண்டரை அணைத்துப் போட்டார். அந்தச் சுவிட்சுகளைப் பிரிண்டர் மின்சாரம் வரும் நொடியில் மட்டுமே பார்க்கும். அடுத்த தாளில் கட்டம் கட்டமாகவே வந்தது. ‘நே’ முழுதாக வந்தது. பிரிண்டரும் பழுதாகவில்லை, கணினியும் பழுதாகவில்லை. ஒரே எண்ணை இரண்டும் வெவ்வேறாகப் படித்திருக்கின்றன, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது அண்ணன் சொன்ன வழக்கத்தை முப்பது வருடமாக விடாமல் செய்து வருகிறேன். ஒரு சிஸ்டத்தில் எதை மாற்றுவதானாலும், மாற்றும் முன்பு அந்த வீட்டுக்கு, அந்த அலுவலகத்துக்குத் தேவையான எழுத்துகள் அத்தனையையும் ஒரு தாளில் அடித்து, தேதி போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பிறகு அதே தாளை மறுபடி அடிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இதற்குச் சோதனைத் தாள் என்று பெயர் வைத்தோம்.

*

அந்த வருடங்களில் புதுச்சேரி கணினிகளின் ஊராக மாறிக்கொண்டிருந்தது. வரிச் சலுகைக்காக எச்.சி.எல்., விப்ரோ போன்ற நிறுவனங்கள் இங்கே ஆலை வைத்து, நாடெங்கும் போகும் பெட்டிகளை இங்கிருந்து அனுப்பின. ஆனால் ஊருக்குள் எங்களிடம் பழுதுக்கு வந்தவை பெரும்பாலும் 286, 386. கடற்காற்று அவற்றின் முதல் எதிரி. மெமரி அட்டையின் பொன்முலாம் பூசிய ஓரம் மங்கிப்போய், காலையில் பெட்டியைப் போட்டால் திரை வராது, பீப் சத்தம் மட்டும் வரும். அட்டையைக் கழற்றி அழிப்பானால் தேய்த்து மாட்டினால் உயிர் வந்துவிடும். கார்த்திகை மழையில் துளைபோட்ட தொடர் தாள் ஈரம் குடித்துத் தடித்து, பல்சக்கரத்தில் சிக்கும். தாளை முந்தின இரவே உள்ளறையில் விளக்கின் அருகே எடுத்து வைக்கச் சொல்வோம்.

1995இல் ஒரு சங்கத்தின் சுற்றறிக்கை வந்தது. டாஸில் ஓடும் ஒரு தமிழ் எடிட்டரில் எழுதி, ஒன்பது ஊசிப் பிரிண்டரில் அடித்தது. செயலர் கையில் தாளோடு நின்றார். முகம் வெளுத்திருந்தது. ‘கல்வி நிதி’ என்று அடித்த தலைப்பில் புள்ளி விழவில்லை. சபையில் வாய்விட்டுப் படிக்க முடியாத சொல்லாக அது மாறியிருந்தது. ஐம்பது பிரதிகள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

புள்ளிகள் மட்டும் ஏன் விழவில்லை? பிரிண்டரின் தலையில் மேலிருந்து கீழாக ஒன்பது ஊசிகள். அந்த எழுத்துருவில் மெய்யெழுத்தின் புள்ளி என்பது மேல் ஊசியின் ஒரே ஒரு குத்து. அந்த ஊசி உள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. எழுத்துகளின் உடம்பிலும் ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு ஓடியது. கண் அதைக் கடந்துபோய்விடும். புள்ளி போனது போனதுதான்.

தலையைக் கழற்றி விளக்கில் காட்டினேன். ஊசிமுனைகளைச் சுற்றி ஊதா நிறத்தில் பிசின்போல ஏதோ காய்ந்திருந்தது. ரிப்பன் மங்கியதும் செலவு மிச்சம் பிடிக்க யாரோ முத்திரைக்குப் போடும் ஸ்டாம்ப் பேட் மையை ஊற்றி ஊறவைத்திருக்கிறார்கள். ரிப்பனின் மையில் எண்ணெய் உண்டு. அது தாளுக்கு நிறம் தருவதோடு ஊசிகளுக்கு வழுவழுப்பும் தருகிறது. ஸ்டாம்ப் பேட் மையில் அந்த வழுவழுப்பு கிடையாது, காய்ந்ததும் ஊசியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தட்டில் ஸ்பிரிட்டை விட்டுத் தலையின் முனையை மட்டும் அதில் ஊறவைத்து, துணியில் ஒற்றி, மறுபடி ஊறவைத்து, நாள் முழுக்க அதே வேலை. சாயங்காலம் ரிப்பன் இல்லாமல் வெறும் தாளில் ஓட்டினேன். பத்தாவது தாளில் ஊதாப் புள்ளிகள் வர ஆரம்பித்தன. இருபதாவது தாளில் மேல் ஊசி அடித்தது. அந்தச் சத்தத்தில் ஒரு மாற்றம் தெரியும், கேட்டுப் பழகியவர்களுக்கு.

அன்று கடையில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழாசிரியர் பழுதான சுற்றறிக்கையை எடுத்து, ஓரிடத்திலும் தடுக்காமல் கடகடவென்று படித்தார். ஓலைச்சுவடி படித்துப் பழகிய கண் அவருக்கு. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதியவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிப்பவர்தான் மனத்துக்குள் புள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லியும், எழுதும் பொருள் இடம் தராததால் புள்ளி பல நூற்றாண்டு காணாமல் போயிருந்தது என்றார். அச்சு வந்த பிறகுதான் அது உறுதியாகத் திரும்பி வந்ததாம். “வந்த புள்ளியை மறுபடி தொலைச்சிடாதீங்க தம்பி” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சொல் என்னோடு தங்கிவிட்டது.

*

1995 ஆகஸ்ட் 24ஆம் தேதி விண்டோஸ் 95 வெளியானது. எங்கள் கைக்கு அது ஃப்ளாப்பியில் வந்தது, 13 தட்டுகள். 386 பெட்டியும் 4 எம்.பி. நினைவகமும் போதும் என்று உறையில் எழுதியிருக்கும், 8 எம்.பி. இல்லாமல் நடமாடாது என்பது அனுபவம். சிடி டிரைவ் இல்லாத பெட்டிகளில் ஒவ்வொரு தட்டாகப் போட்டு, டிரைவ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஈரக்காற்றில் தட்டின் மேல் பூஞ்சை படரும். பதினோராவது தட்டில் வந்து நின்றால் மூன்று மணி நேரம் வீண். அதனால் ஏற்றும் முன்பே 13 தட்டுகளையும் ஒருமுறை முழுக்கப் படிக்கவைத்துப் பார்த்துவிடுவது வழக்கம்.

சிஸ்டம் ஏறிவிடும். வாடிக்கையாளர் மகிழ்வார். பிறகு ஒரு கடிதம் அடித்துப் பார்ப்பார். இதயக் குறியும் சிரித்த முகமும் பாதி எழுத்துகளுமாகத் தாள் தாளாக ஓடும். பழைய சிஸ்டத்தில் நேற்றுவரை நன்றாக அடித்த பிரிண்டர் அது.

இங்கேதான் பொறுமை வேண்டும். அண்ணனின் முறை மூன்று படி. முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு, லைன் ஃபீட் பொத்தானை அழுத்திக்கொண்டே பிரிண்டரைப் போடு. தன்னிடம் உள்ள எழுத்துகளைத் தானே அடித்துக் காட்டும். அது சரியென்றால் பிரிண்டர்மேல் குற்றமில்லை. இரண்டாவது, விண்டோஸை விட்டு வெளியே வந்து டாஸிலிருந்து கோப்புப் பட்டியலை நேராகப் பிரிண்டருக்கு அனுப்பு. அதுவும் சரியென்றால் கேபிளும் போர்ட்டும் நல்லவை. மூன்றாவதாகத்தான் டிரைவரைப் பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றிச் சரியானால், எதனால் சரியானது என்று உனக்குக் கடைசிவரை தெரியாது.

ஒரு கணக்கர் அலுவலகத்தில் இந்த மூன்று படியும் ஏறி இறங்கிய பிறகு குற்றவாளி கேபிள் என்று தெரிந்தது. மேசையை ஜன்னலோரம் மாற்றியதால் ஐந்து மீட்டர் கேபிள் வாங்கி இழுத்திருந்தார்கள். பேரலல் போர்ட்டில் எட்டுக் கம்பிகளில் எட்டுத் துடிப்புகள் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தூரம் கூடினால் ஒன்றின் துடிப்பு அடுத்ததில் கசியும். டாஸ் மெதுவாக அனுப்பியபோது அது தெரியவில்லை. புதிய சிஸ்டம் வேகமாக அனுப்பியதும் எழுத்து சிதறியது. ஆறடிக் கேபிளை மாட்டினோம், மேசை பழைய இடத்துக்கு வந்தது. சோதனைத் தாள்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி உட்கார்ந்தன.

*

தெரிகிற பிழை நல்ல பிழை. தாள் முழுக்கக் குப்பை வந்தால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது தெரியாத பிழை ஒன்று.

2001இல் ஒரு தனிப்பயிற்சி நிலையத்துக்கு விண்டோஸை மாற்றிக் கொடுத்தேன். அவர்களுடைய மாணவர் பட்டியல் திஸ்கி எழுத்துருவில் இருந்தது. ஒருங்குறி இங்கே பரவாத காலம் அது. 256 எண்களுக்குள் ஆங்கிலத்தையும் தமிழையும் அடைத்த ஒரு குறியீட்டு முறை திஸ்கி. உலகெங்கும் சிதறிக்கிடந்த தமிழர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி உருவாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு முறைகளை அறிவித்தது. ஒவ்வொரு நிறுவனத்தின் எழுத்துருவும் ஒரு தனித் தீவாக இருந்த நாட்கள்.

சிஸ்டம் மாறியது. பட்டியல் திறந்தது, அழகாக அடித்தது. ஒரு வாரம் கழித்து ஒரு பையன் வந்து கேட்டான்: “அண்ணே, என் பேர்ல ‘இ’ எங்கே போச்சு?” அவன் பெயர் இளங்கோ. தாளில் ‘ளங்கோ’ என்று இருந்தது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இந்திரா, ‘ந்திரா’ ஆகியிருந்தாள். இவை கண்ணில் படும். ஆனால் இரவி ‘ரவி’ ஆகியிருந்தான். இலட்சுமி ‘லட்சுமி’ ஆகியிருந்தாள். இவை இரண்டும் நல்ல பெயர்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அவை அவர்களுடைய பெயர்கள் இல்லை. பள்ளிச் சான்றில் ஒன்றும் இதில் ஒன்றுமாக ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்க அலைய நேரிடும்.

சோதனைத் தாள் எடுத்திருந்தேனா? எடுத்திருந்தேன், ஆங்கிலத்தில் மட்டும். தமிழ்தான் நன்றாகத் திறக்கிறதே என்று அந்த ஒரு நாள் விட்டுவிட்டேன். அது என் தவறு.

காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் ஆயின. திஸ்கியில் ‘இ’க்குக் கொடுத்த எண் 173. ஐரோப்பிய எழுத்துகளுக்கான சர்வதேச அட்டவணையில் 173 என்பது சொல்லை வரிக் கடைசியில் உடைக்கும் மெல்லிய இணைப்புக்கோடு. வரி உடையாவிட்டால் அதைக் காட்டாமல் மறைத்துவிடலாம். புதிய மென்பொருள் அந்த அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றியது. தமிழின் மூன்றாவது உயிரெழுத்தைக் கோடு என்று நினைத்து மறைத்துவிட்டது. திஸ்கியின் 1.7 பதிப்பில் ‘இ’க்கு 254 என்ற வேறு இடமும் கொடுத்திருந்தார்கள். கோப்புகளில் 173 இருந்த இடங்களையெல்லாம் 254 ஆக்க ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினேன். பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் பழைய தாளோடு ஒப்பிட்டு டிக் போட்டேன். இப்போது ஒருங்குறியில் ‘இ’க்கு 2951 என்று அதற்கே உரிய எண் இருக்கிறது. வேறு எந்த மொழியும் அதைக் கேட்டு வராது. அந்த ஒரு எண்ணின் அருமை, ‘இ’யைத் தொலைத்துத் தேடியவனுக்குத் தெரியும்.

*

2002 ஜனவரியில் குருசுக்குப்பத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பிரெஞ்சு வழக்கப்படி அவரை ‘முசே’, அதாவது ஐயா, என்போம். பிரெஞ்சுப் படையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்ற சொல்தாக்களுக்கு ஓய்வூதியக் கடிதங்களையும் கணக்குகளையும் வீட்டிலேயே தட்டிக்கொடுப்பார். ஒரு 386, அதில் வேர்ட்ஸ்டார், பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ். அந்த மாதம் 1ஆம் தேதி ஐரோப்பாவில் யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்துவிட்டது. 6.55957 ஃபிராங்கு ஒரு யூரோ. கணக்கைச் சரியாகப் போட்டுவிடுகிறார். யூரோவின் குறியைத்தான் அடிக்க முடியவில்லை. அவருடைய பிரிண்டர் செய்யப்பட்ட நாளில் அந்தக் குறியே பிறந்திருக்கவில்லை.

நான் என் வித்தையைக் காட்டினேன். 27, 38 என்று தொடங்கும் கட்டளையை அனுப்பினால், நாமே ஊசி ஊசியாக வரைந்த எழுத்தைப் பிரிண்டர் ஏற்றுக்கொள்ளும். கட்டம்போட்ட நோட்டில் வரைந்து, எண்களைக் கூட்டி, ஒரு மதியம் முழுக்க உழைத்தேன். குறி வந்தது. ஆனால் பிரிண்டரை அணைத்ததும் மறந்துபோனது. எழுபது வயதுக்காரர் தினமும் காலையில் அந்தக் கட்டளையை ஓட்டவேண்டும்.

முசே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, டைப்ரைட்டர்ல ஒரு எழுத்து இல்லைன்னா நாங்க என்ன செய்வோம் தெரியுமா? ஒரு அடி பின்னால வந்து அதுமேலயே இன்னொண்ணை அடிப்போம். இதுல பின்னால வர முடியாதா?”

முடியும். வேர்ட்ஸ்டாரில் கண்ட்ரோல் பி, எச் என்று தட்டினால் போதும். பிரிண்டரின் தலை ஓர் எழுத்து பின்வாங்கும். முசே ‘சி’ எழுத்தைத் தட்டினார், பின்வாங்கவைத்தார், சமக்குறியைத் தட்டினார். அச்சில் ‘சி’யின் நடுவே இரண்டு படுக்கைக்கோடுகள் விழுந்தன. யூரோ. தாளை எடுத்து மூக்குக்கண்ணாடியருகே வைத்துப் பார்த்தார். “வுவாலா” என்றார். கீற்று எழுத்துகளையும் அவர் அப்படித்தான் அடித்துவந்தார் என்று பிறகு தெரிந்தது: முதலில் எழுத்து, பின்வாங்கல், மேலே ஒற்றை மேற்கோள். எனக்குத் தெரிந்த எல்லாக் கட்டளைகளையும்விட அவர் கையில் இருந்த தட்டச்சுப் பழக்கம் அன்று முன்னே நின்றது.

2004இல் அவர் மகன் பாரிசிலிருந்து வந்து, எக்ஸ்பி போட்ட புதுக் கணினியும் ஒரு இங்க்ஜெட்டும் வாங்கிக் கொடுத்தார். பழைய கடிதங்களைப் புதியதற்குக் கொண்டுவரும் வேலை எனக்கு. திறந்து பார்த்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் ஏதோ புரியாத குறியாக இருந்தது. பழைய வேர்ட்ஸ்டார் சொல்லின் கடைசி எழுத்தோடு 128ஐச் சேர்த்து வைக்கும். வரியை ஒழுங்குபடுத்த அது தனக்குத்தானே வைத்துக்கொண்ட அடையாளம். 128ஐக் கழிக்க பேசிக்கில் பத்து வரி எழுதினேன். முசே கீற்று எழுத்தையும் யூரோவையும் சாதாரண எழுத்துகளைக் கொண்டே அடித்திருந்ததால், கழித்ததில் ஒன்றும் சேதமாகவில்லை. ‘எழுத்து, பின்வாங்கல், மேற்கோள்’ என்று வந்த இடமெல்லாம் கீற்று எழுத்தாக மாற்றினேன். நானூற்றுச் சொச்சம் கடிதங்கள். சோதனைத் தாளை அவரே அடித்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

அந்தப் பாடம் இன்னொரு இடத்துக்கும் போயிற்று. குபேர் அங்காடி அருகே ஒரு மளிகைக்கடை, ஃபாக்ஸ்ப்ரோவில் பில். எக்ஸ்பி ஏற்றி, யூஎஸ்பி பிரிண்டர் மாட்டியதும் பில் வரவில்லை. ஃபாக்ஸ்ப்ரோ எல்.பி.டி.1 என்ற பழைய வாசலில் போய்த் தட்டுகிறது. பிரிண்டரோ வேறு வாசலில் இருக்கிறது. பிரிண்டரைப் பகிர்வில் வைத்து, ‘நெட் யூஸ்’ கட்டளையால் பழைய வாசலைப் புதிய வாசலுக்குத் திருப்பிவிட்டதும் ஓடியது. 2010 ஜூலையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியை அரசு ஏற்றபோது, பில்லில் அது வேண்டும் என்று கடைக்காரர் ஆசைப்பட்டார். ஆங்கில ‘ஆர்’, பின்வாங்கல், சமக்குறி. குருசுக்குப்பத்து யூரோவின் தம்பியாக ரூபாய் வந்து விழுந்தது. முசேயிடம் சொல்ல ஓடலாம் என்று தோன்றியது. அவர் அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார்.

*

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து ஊர் பல நாள் இருட்டில் கிடந்தது. முசேயின் மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஆள் அனுப்பினார். ஓடு பறந்து, அப்பாவின் அலமாரி நனைந்துவிட்டதாம். கணினியும் போயிற்று. கடிதங்களையாவது பார்க்க முடியுமா என்று கேட்டார்.

கூடத்தில் கயிறு கட்டித் தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் போட்டோம். இங்க்ஜெட்டில் அடித்தவை நீலமும் கருப்புமாகக் கரைந்து ஓடியிருந்தன. ஒரு வரிகூடத் தேறவில்லை. டாட் மேட்ரிக்ஸில் அடித்தவை சுருங்கி, மஞ்சள் பூத்து, ஆனால் எழுத்து எழுத்தாக நின்றன. ரிப்பன் மையின் எண்ணெயைத் தண்ணீர் கரைக்கவில்லை. எந்தச் சொல்தாவின் எந்த மாதத்து ஓய்வூதியம் என்று அக்கா கயிற்றின்கீழ் நின்று வாசித்தார். நான் எழுதிக்கொண்டேன்.

இப்போது மறுபடி மாற்றத்தின் காலம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு நின்றது. பழைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் வருகிறார்கள். என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் அரை மணியில் புது சிஸ்டம் ஏற்றிவிடுகிறார்கள். 13 தட்டுகளின் கதை அவர்களுக்கு வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் அவர்களிடம் விடாமல் கேட்கிறேன். ஏற்றும் முன்பு தாள் அடித்தாயா? அதில் ‘இ’ இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா, அவர்கள் வீட்டுப் பெயர் இருக்கிறதா? பெட்டி போனால் வேறு பெட்டி வாங்கலாம். ஒருவருடைய பெயரிலிருந்து ஓர் எழுத்தை நாம் தொலைத்துவிட்டால், அதைத் தேடி அலைபவர் அவர்தான்.

கேட்பவர்களுக்குக் காட்ட ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். முதலில் இருப்பது முசே டாட் மேட்ரிக்ஸில் அடித்த ஒரு பழைய கடிதம். நனைந்தவற்றில் ஒன்று, அக்கா எனக்கென்று கொடுத்தது. மை வெளுத்துவிட்டது. வேலை பழகும் பையனிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன். ஊசி குத்திய இடம் மேடாகத் தட்டுப்படும். தொகை எழுதிய வரியில் ஓரிடத்தில் மேடு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அங்கே ஊசிகள் இரண்டு முறை அடித்திருக்கின்றன.